பட்டமகாதேவி சாந்தலை

தேனி மாவட்டம் உத்தமபாளையத்தை அடுத்த சிறு குன்றின் பாறையில் தீர்த்தங்கரர் திருமேனிகள் இரண்டு வரிசைகளாகப் புடைப்புச் சிற்பங்களாய் அமைந்துள்ளன. பாம்புப் படக்குடையின்கீழ் நிற்கும் பார்சுவநாதரை அவற்றுள் எளிதில் இனங்கண்டு வணங்கலாம். திருக்குணகிரி என்பது அக்குன்றின் பழம்பெயர். பாண்டிய நாடெங்கும் அறநெறி பரப்பிய அச்சணந்தி அடிகளின் பெயர் அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் காணப்படுகிறது. அக்குன்றின் அடியிலேயே கருப்பணசாமி கோயில் கொண்டுள்ளார். அவரை வணங்க வருவோர் மேலே நிமிர்ந்து தீர்த்தங்கரரையும் கைகூப்பிச் செல்வது கம்பம் பள்ளத்தாக்கின் மக்களுக்கு இயல்பான வழக்கம்.

ஒரு குன்று இருவகை வழிபாட்டிற்கு இடந்தருவதை அங்கே கண்ணால் காணலாம். ஒரு கூரையும் ஓர் அடுக்களையும் ஒரு மணவாழ்க்கையும் அவ்வாறு இடந்தருமா என்பது கடினமான வினா. மகனோ மகளோ பிற சமயத்தாரை விரும்பி நிற்கும்போது பெற்றோர் உள்ளத்தில் எழும் வினாவும் அதுவே. நோன்பு நிலைக்குமா, இரவுணவு நீக்கம் காக்கப்படுமா, பிறக்கும் குழந்தை எம்மந்திரத்தைச் சொல்லி வளரும் என்னும் அச்சங்கள் பொருளற்றவை எனத் தள்ளத் தக்கவை ஆகா.

கம்பம் பள்ளத்தாக்கின் பல இல்லங்களில் இன்றும் கன்னடம் பேசப்படுகிறது. அம்மொழியின் தாயகத்தில் ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆருகத மாதரசி ஒருவர் இவ்வினாவினூடே தம் வாழ்நாள் முழுவதும் நடந்து காட்டினார். போசள மன்னன் விட்டுணுவர்த்தனனின் பட்டமகாதேவி சாந்தலையே அவர்.

பிறந்த இல்லம்

சாந்தலையின் தந்தை மாரசிங்கையர், பெர்க்கடை என்னும் அரண்மனை அலுவல் பூண்டவர். சிவபெருமானிடத்து ஆழ்ந்த பத்தி உடையவர். தாய் மாசிக்கப்பை ஆருகத நெறியில் ஊறிய குடும்பத்தில் தோன்றியவர். அவருடைய பிறந்த வீட்டார் அரசாங்கத்தில் உயர்ந்த பணிகளில் இருந்தவர்கள். வாழ்நாளின் முடிவில் சல்லேகனை நோற்று உடல் நீத்தோரும் அக்குடும்பத்தில் உண்டு.

ஆகவே சமய வேறுபாடு என்பது சாந்தலைக்குத் திருமணத்தின்பின் வந்த புதுமை ஆகாது. அவர் பிறந்த வீட்டிலேயே அது இருந்தது. தந்தை திருநீறு அணிந்தார். தாய் அருகனடி தொழுதார். மகள் தாயின் நெறியை ஏற்றார். தாயின் நெறியை ஏற்ற மகள் தந்தையின் நெறியை இகழ்ந்தார் என்பதற்குக் கல்வெட்டுகளில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு வழிபாடுகள் ஒன்றையொன்று இடிக்காமல் ஒரே முற்றத்தில் நடைபெறக்கூடும் என்பதை அவர் நூலில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

மேகசந்திர திரைவித்தியரின் மாணாக்கரான பிரபாசந்திர சித்தாந்த தேவர் சாந்தலைக்கு ஆசாரியராக வாய்த்தார். சாந்தலை பாடலிலும் ஆடலிலும் கருவியிசையிலும் தேர்ந்தவர் என்று கல்வெட்டுகள் போற்றுகின்றன. அறிவுக் கூர்மையில் வியாழ பகவானுக்கு ஒப்பானவர் என்றும், உடனுக்குடன் தக்க மறுமொழி கூறும் ஆற்றல் உடையவர் என்றும் அவை புகழ்கின்றன. உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என்னும் நால்வகைத் தானங்களில் மகிழ்பவர் என்பதும் அவருக்குச் சூட்டப்பட்ட புகழ்மாலையில் ஒரு மலர். அப்புகழுரைகளுள் நம்மவர் உள்ளத்தைத் தொடுவது சம்மியக்துவ சூடாமணி என்னும் பட்டம். நற்காட்சியின் முடிமணி என்பது அதன் பொருள்.

புகுந்த இல்லம்

போசளர் குடியும் ஆருகத நெறியும் தொடக்கம் முதலே பிணைந்தவை. சளன் என்னும் இளைஞன் சமண முனிவர் ஒருவரின் ஏவலால் புலியைக் கொன்றான் என்னும் மரபுக்கதையிலிருந்தே அக்குடியின் பெயர் விளக்கப்படுகிறது. அக்குடியில் பிட்டிதேவன் என்னும் பெயரோடு விளங்கியவனே பின்னர் விட்டுணுவர்த்தனன் என்று புகழ்பெற்றவன். அவன் 1108-ஆம் ஆண்டளவில் அரியணை ஏறினான்; 1116-இல் சோழரிடமிருந்து தலைக்காட்டைக் கைப்பற்றினான்.

சோழ நாட்டிலிருந்து மேற்கே சென்ற இராமானுசர் இம்மன்னனை வைணவ நெறிக்குக் கொண்டுவந்தார் என்பது வைணவ மரபு. தலைக்காட்டு வெற்றிக்குப் பின் 1117-இல் அவன் பேலூரில் விசயநாராயணர் திருக்கோயிலை எழுப்பினான். இன்று சென்னகேசவர் கோயில் என்று உலகோர் வியந்து காண்பது அதுவே. அரசன் தன் நெஞ்சைத் திருமாலிடம் செலுத்திவிட்டான் என்பதற்கு அக்கோயிலைவிடப் பெரிய சான்று வேண்டுவதில்லை.

அப்பொழுது சாந்தலை பட்டத்து அரசி. கணவன் வழிபாட்டை மாற்றிக்கொள்ளும்போது மனைவியும் உடன் மாறுதல் அக்கால வழக்கிற்கு முரணானது ஆகாது. அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி என்னும் உலகில் அரசியின்மேல் எத்தனை கண்கள் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். மாறுவது எளிது; மாறாமல் நின்று கணவனோடு பகைகொண்டு ஒதுங்குவதும் எளிதே. சாந்தலை இவ்விரண்டு எளிய வழிகளிலும் செல்லவில்லை. அவர் ஆருகதராகவே இருந்தார். கணவனின் பட்டமகாதேவியாகவும் இருந்தார்.

மூன்று கோயில்கள்

சாந்தலை எவ்வாறு வாழ்ந்தார் என்பதை மூன்று கோயில்களை வரிசையாக நோக்கினால் உணரலாம்.

முதலாவது பேலூரில் உள்ளது. அரசன் எடுப்பித்த பெருங்கோயிலின் தெற்கே, அதே வளாகத்தில், சென்னிகராயர் கோயில் நிற்கிறது. அதனை 1117-இல் எடுப்பித்தவர் சாந்தலை. அருகனடி தொழுத அரசி, கணவன் போற்றிய திருமாலுக்குத் தம் பெயரால் ஒரு கோயில் அமைத்தார்.

இரண்டாவது துவாரசமுத்திரம் என்னும் அளேபீட்டில் உள்ளது. கேதமல்லன் என்னும் அதிகாரி 1121-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுப்பிய அச்சிவன் கோயில் இரட்டைக் கருவறை உடையது. ஒன்றிற்குப் போசளேசுவரர் என்றும் மற்றொன்றிற்குச் சாந்தலேசுவரர் என்றும் பெயர். தந்தை வணங்கிய தெய்வத்தின் இருப்பிடம் மகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மூன்றாவது நம்மவர் நெஞ்சிற்கு நெருக்கமானது. சிரவணபெளகொளாவில், பத்திரபாகு முனிவர் நினைவு நிலவும் சந்திரகிரியின்மேல், 1123-இல் சாந்தலை ஒரு சினாலயம் எடுப்பித்துப் பதினாறாம் தீர்த்தங்கரரான சாந்திநாதரை எழுந்தருளச் செய்தார். நாள் வழிபாட்டிற்கும் துறவோர் உணவிற்குமாக மொட்டெனவிலை என்னும் ஊரை அதற்கு அளித்தார். அவ்வூரை அறக்கொடையாக அளிக்க விட்டுணுவர்த்தனனின் இசைவைப் பெற்று, ஆசாரியர் பிரபாசந்திரரின் திருவடி விளக்கி அக்கொடையை ஒப்படைத்தார். திருமாலடியவனான கணவன் இசைந்து தந்த நிலத்தின் விளைவில் அருகனுக்கு விளக்கெரிந்தது. திகம்பர முனிவர்க்கு உணவு அமைந்தது.

இக்கோயில்களைக் கொண்டு சாந்தலைக்கு எல்லாச் சமயமும் ஒன்றே என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. தமக்குரிய ஆசாரியர் யார், தமக்குரிய இறைவன் யார் என்பதில் அவர்க்கு ஐயம் இருந்ததில்லை. நற்காட்சியின் முடிமணி என்னும் பட்டம் எங்கும் தலைவணங்கி எதிலும் நிலைகொள்ளாதவர்க்கு வாய்ப்பதன்று. தம் நோன்பைத் தமக்கென முழுமையாகக் காத்தார். அதனைக் கணவன்மேல் சுமத்தவில்லை. கணவன் வழிபாட்டிற்கு உதவினார். அதனைத் தம் நோன்பாக ஆக்கிக்கொள்ளவும் இல்லை.

அச்சினாலயக் கல்வெட்டில் நுட்பமான ஒரு செய்தி உண்டு. அங்கே சாந்தலையைப் புதிய உருக்குமணி என்றும், கணவன் நலம் நாடுவதில் சத்தியபாமை என்றும் உவமித்துள்ளனர். கண்ணனின் தேவியரை உவமையாக்கி, திருமாலடியவனின் மனைவியாகிய சாவகியைப் போற்றும் அச்சொற்கள் சாந்திநாதர் கோயிலில் பொறிக்கப்பட்டவை. கண்ணன் நேமிநாதரின் உறவினன் என்பது நம் புராண மரபு. ஆதலால் அவ்வுவமை இரு தரப்பார்க்கும் உறுத்தலின்றி இனித்தது. இல்லத்தில் பேசத்தக்க சொல்லைத் தெரிந்தெடுப்பதில் அக்காலச் சான்றோர் காட்டிய கவனம் இது.

மதவேழம் என்னும் பெயர்

சந்திரகிரிச் சினாலயத்தின் பெயர் சவதிகந்தவாரண பசதி. சவதி என்பது சக்களத்தி; கந்தவாரணம் என்பது மதவேழம். செருக்குற்ற சக்களத்தியர்க்கு மதவேழம் போன்றவர் என்பது சாந்தலையின் பட்டங்களுள் ஒன்று. அப்பட்டத்தாலேயே அவர் எழுப்பிய கோயிலும் பெயர்பெற்றது.

அமைதிக்குரிய தீர்த்தங்கரர் உறையும் கோயில் இப்பெயரைச் சுமப்பதைக் கண்டு புன்னகை புரிவோர் உண்டு. அதில் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் துயரும் தெரிகிறது. விட்டுணுவர்த்தனனுக்கு இலக்குமிதேவி முதலிய வேறு தேவியரும் இருந்தனர். கணவனின் அன்பைப் பலரோடு பகிர்ந்துகொள்ள நேர்ந்த அரண்மனையில் தம் இடத்தைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியவராகச் சாந்தலை இருந்தார். கணவன் வழிபாட்டைப் பின்பற்றாதவர் என்னும் குறையை எவரும் அவர்மேல் கருவியாக்கியிருக்கலாம். அத்தகைய சூழலிலும் தம் நெறியை விடாமல் பட்டத்தரசியாக நிலைத்தார் என்பதை நினைக்கும்போது மதவேழம் என்னும் பெயரின் பொருத்தம் விளங்கும்.

அவரைச் சூழ்ந்தோர்

சாந்தலை தனியராக நிற்கவில்லை. தலைக்காட்டு வெற்றியை அரசனுக்குத் தேடித் தந்த படைத்தலைவர் கங்கராசர் சிறந்த சாவகர். சிரவணபெளகொளாவில் கோமடேசுவரரைச் சுற்றித் திருச்சுற்று எழுப்பியவர் அவரே. போரில் வென்ற அவர்க்குப் பரிசளிக்க மன்னன் முன்வந்தபோது, அவர் பரமம் என்னும் ஊரைக் கேட்டுப் பெற்றார். 1118-இல் அதனைத் தம் தாய் போசலதேவியும் மனைவி இலக்குமியும் எடுப்பித்த சினாலயங்களுக்கு வழங்கிவிட்டார். வைணவ அரசன் பரிசளித்தான், சமணப் படைத்தலைவர் அதனை அருகனுக்குச் சேர்த்தார், அரசன் வருந்தவில்லை.

மன்னனும் தன் கையால் கொடுத்தவனே. 1125-இல் சல்லியம் என்னும் ஊரைச் சீபால திரைவித்திய தேவர்க்கு அளித்து, சமணப் பள்ளியின் பழுதுபார்ப்பிற்கும் முனிவர் உணவிற்கும் வழிசெய்தான். அவன் மகளுள் ஒருவரான அரியப்பரசி ஆருகத நெறியில் நின்று, அந்தூரில் சினாலயம் அமைத்துப் போற்றினார். தந்தை சமயம் மாறியபின்னும் மகளின் வழிபாட்டிற்கு அக்குடும்பத்தில் தடை எழவில்லை.

பிற்காலக் கதைகள் சில இம்மன்னன் சமணரைக் கொடுமை செய்தான் எனக் கூறுகின்றன. அவன் காலத்துக் கல்வெட்டுகளை வரிசையாகப் படிப்போர்க்கு அக்கதைகள் நம்பத்தக்கனவாய்த் தோன்றா. அவனுடைய அரண்மனையிலும் படையிலும் ஆருகதர் உயர்நிலையில் இருந்தனர்; அவன் பட்டத்தரசியே ஆருகதராக இருந்தார். வெறுப்பை வளர்க்கும் கதை விரைவாகப் பரவும். நல்லுறவைக் கூறும் கல் அசையாமல் ஓரிடத்தில் நின்று, படிக்க வருவோர்க்காகக் காத்திருக்கும்.

சிவகங்கையும் பெளகொளாவும்

பெங்களூருக்கும் தும்கூருக்கும் இடையே எழுந்து நிற்கும் சிவகங்கை மலை சைவர்கள் போற்றும் திருத்தலம். சக ஆண்டு 1053-இல், அதாவது கிறித்து ஆண்டு 1131-இல், அத்தலத்தில் சாந்தலை உயிர் நீத்தார். அம்மலையில் ஓரிடத்தைக் காட்டி, அரசி அங்கிருந்து குதித்து மாண்டார் என்று மக்கள் கதை சொல்வர். கல்வெட்டு அவ்வாறு கூறவில்லை. சிவகங்கையில் அவர் சுவர்க்கம் எய்தினார் என்று மட்டுமே அது சொல்கிறது.

ஆருகத நெறியில் வாழ்ந்து, திருமாலடியவனை மணந்து, சிவத்தலத்தில் கண்மூடினார் சாந்தலை. அவரது வாழ்க்கை முழுவதையும் இவ்வொரு தொடரில் அடக்கிவிடலாம்.

அடுத்து நிகழ்ந்தது கல்லையும் உருக்குவது. மகளின் மறைவுச் செய்தியைக் கேட்ட மாசிக்கப்பை, அரசி சுவர்க்கம் புகுந்தபின் தாம் எஞ்சியிருத்தல் இயலாது என்று துணிந்து சிரவணபெளகொளா வந்தடைந்தார். சைவக் கணவரோடு நெடுங்காலம் இல்லறம் நடத்தியவர், தம் இறுதி நோன்பைத் தம் நெறிப்படியே ஏற்றார். பிரபாசந்திரர், வர்த்தமானர், இரவிசந்திரர் ஆகிய ஆசாரியர்கள் முன்னிலையில், பாதி மூடிய விழிகளோடு, பஞ்ச மந்திரத்தை உருவேற்றியவாறு, ஒரு திங்கள் உண்ணாது நோற்றுச் சமாதி எய்தினார்.

மகளுக்கு நற்காட்சியை ஊட்டிய தாய் அவர். மாற்றுச் சமயத்து இல்லத்தில் மனைவியாகப் புகுந்து, தம் மந்திரத்தை மறவாது காத்து, மகளிடம் கையளித்து, முடிவில் அம்மந்திரத்தையே துணையாகக் கொண்டு சென்றார். சாந்தலையின் உறுதி எங்கிருந்து வந்தது என்று கேட்போர்க்கு மாசிக்கப்பையின் வாழ்வே விடை.

அரசன் எழுந்து நின்றான்

சாந்தலை மறைந்தபின் ஆருகதர்மீது மன்னனுக்கிருந்த மதிப்பு நிலைத்ததா? மனைவியின் முகத்திற்காக மட்டும் காட்டப்பட்ட மதிப்பாயின், அவர் போனபின் அதுவும் போயிருக்கும். 1133-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று இதற்கு விடை தருகிறது.

மறைந்த கங்கராசரின் நினைவாக அவர் மகன் போப்பர் துவாரசமுத்திரத்தில் பார்சுவநாதர்க்குச் சினாலயம் எடுப்பித்தார். திருநிலைப்படுத்தல் முடிந்ததும் அருச்சகர்கள் கந்தோதகத்தையும் வழிபாட்டுச் சேடத்தையும் ஏந்தி, பங்காபுரத்தில் இருந்த மன்னனிடம் சென்றனர். அப்போது அவன் மசணன் என்னும் பகைவனை வென்றிருந்தான். இலக்குமிதேவி அவனுக்கு ஆண்மகவு ஈன்றிருந்தார். அருச்சகரைக் கண்ட மன்னன் எழுந்து கைகூப்பினான். கந்தோதகத்தையும் சேடத்தையும் பணிவோடு பெற்றுக்கொண்டான். இறைவனின் திருநிலைப்பாட்டினாலேயே வெற்றியும் மகப்பேறும் வாய்த்தன என மகிழ்ந்து, அப்பெருமானுக்கு விசய பார்சுவர் என்றும், குழந்தைக்கு விசய நரசிங்கன் என்றும் பெயரிட்டான்.

சாந்தலை மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பிறந்த குழந்தையோ வேறொரு தேவியின் மகன். அக்குழந்தையின் பெயரிலும் பார்சுவநாதரின் வெற்றி கலந்தது. வற்புறுத்தி மாற்றாத மனைவியோடு வாழ்ந்த கணவன், அவர் இல்லாத நாளிலும் அவர் வணங்கிய பெருமானின் தீர்த்தத்தை எழுந்து நின்று ஏற்றான்.

சாந்தலைக்கு வாய்த்தவை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. அவர்க்கு ஊர் கொடுக்கும் செல்வம் இருந்தது. வழிகாட்ட ஆசாரியர் இருந்தார். தாயின் வளர்ப்பு இருந்தது. மறுக்காத கணவன் இருந்தான். இவற்றுள் செல்வத்தை ஒதுக்கிவிட்டாலும் ஏனைய மூன்றும் எளிய இல்லங்களிலும் அமையக் கூடியவை. குழந்தைப் பருவத்திலேயே பஞ்ச மந்திரத்தின் பொருளை அறிந்த மகள், எவ்வில்லம் புகுந்தாலும் அதனை உடன் கொண்டு செல்வாள். அதனைச் சொல்ல அமைதியான ஒரு மூலையையும், பொழுது சாயுமுன் உண்ணும் உரிமையையும் அவளுக்குத் தரும் கணவன், தன் வழிபாட்டில் எதையும் இழந்துவிட மாட்டான். அவ்விடத்தை மறுக்கும் மணம் எத்துணை அன்பில் தொடங்கினும் துயரத்தில் முடியக் கூடும் என்பதையும் மறைத்தல் ஆகாது. மணத்திற்கு முன்னரே இரு குடும்பத்தாரும் இவற்றை வெளிப்படப் பேசிக்கொள்ளுதல் நன்று.

உத்தமபாளையத்துப் பாறையில் பெயர் பொறித்த அச்சணந்தி அடிகளுக்கும் ஒரு தாய் இருந்தார். மதுரையை அடுத்த கீழக்குயில்குடிச் சமணர் மலையில் அவர் செய்வித்த திருமேனி இன்றும் உள்ளது. குணமதியார் என்னும் அவர் பெயரைக் கல்வெட்டு காத்து நிற்கிறது. கன்னட நாட்டு மாசிக்கப்பையும் பாண்டிய நாட்டுக் குணமதியாரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள், வேறு காலத்தவர். இருவரும் தம் மக்கள் கையில் ஒரு நெறியை ஒப்படைத்தனர். கம்பம் பள்ளத்தாக்கிற்குச் செல்வோர் அக்குன்றின் முன் நின்று பார்சுவநாதரை வணங்கும்போது, அத்தாயரையும் நினைந்து கைகூப்பலாம்.